கிண்ணத்தில் தீர்த்தம் வாங்கியவர்

இதை எழுதப் பல வருஷமாக மனசு கூசியது. பெருமாளிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று. அந்த அம்மாவிடம் கேட்கவில்லை.

தொண்ணூறுகளில், தாம்பரத்தில் எங்கள் தெருக் கோவிலுக்கு மார்கழிக் காலையில் அந்த அம்மா வருவார். முகத்துத் தோல் இழுத்துக் கட்டினதுபோல் இருக்கும். குளிரில் விரல்நுனி வெளுத்துவிடும். உள்ளங்கை குவியாததால் தீர்த்தத்தைச் சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் வாங்குவார். ஓயாத வறட்டு இருமல் வேறு. டிபி என்று நானே முடிவு கட்டி, "தள்ளி நில்லும்மா, குழந்தைங்க வர்ற இடம்" என்றேன். மறுநாள் முதல் கொடிமரத்துக்கு அப்பால் நின்றே கும்பிட்டுப் போனார்.

பிறகு என் வீட்டுக்காரரின் ஆஸ்துமாவுக்காக ஆஸ்பத்திரிக்குப் போனபோது, அந்த அம்மா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"டிபிதானேம்மா?" என்றேன்.

"இல்லக்கா. குழாயில ஊதச் சொன்னாங்க, ஸ்கேன் எடுத்தாங்க. மேல தோலு இறுகுற மாதிரியே நுரையீரலும் தழும்பாயி இறுகிகினு கீதாம். வந்த தழும்பு போவாதாம். இன்னும் பரவாம இருக்க மாசாமாசம் மருந்து ஏத்துறாங்க."

"ஒட்டுமா?"

"ஒட்டுறதுன்னா எம் புருசனுக்குத்தான் மொதல்ல ஒட்டியிருக்கணும். அந்தாளு நல்லா கத்திகினு கீறாரு." சிரித்தார், வாய் முழுதாகத் திறக்கவில்லை.

நான் உட்காரப் போனதும் எழுந்து சுவரோரம் போய் நின்றார்.

"நீங்க உக்காருங்கக்கா. தள்ளி நின்னு எனக்குப் பழக்கம்தான்."

நான் உட்கார்ந்துவிட்டேன். அடுத்த மார்கழியில் அவர் வரவில்லை.

இதை யாரிடமாவது சொன்னால், நான் எழுந்து அவரை உட்காரவைத்ததாக மாற்றிச் சொல்லிவிடாதீர்கள்.