அரை இட்லிக்கு அரை மணி நேரம்

எங்களுடையது பெரியவர்கள் பார்த்து முடித்த கல்யாணம். முதல் சில மாதங்கள் எனக்கும் என் கணவருக்கும் பேசுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. அவருக்குப் பாதுகாப்புத் துறையில் வேலை. அதைப் பற்றி வீட்டில் வாய் திறக்கக் கூடாது. எனக்கு மாரெட்பள்ளியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலை. அதைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவர் ஸ்கூட்டரில் என்னை செகந்திராபாத் பக்கம் கூட்டிப் போய் பிரியாணி வாங்கிக் கொடுத்தார்.

"கறி நல்லா வெந்திருக்கு," என்றார்.

"மசாலா எல்லாம் அடியில தங்கிருச்சு. அடியிலேர்ந்து எடுத்துப் போட்டுக்குங்க," என்றேன்.

எங்கள் சிநேகம் அங்கே ஆரம்பித்தது. அதற்குப் பிறகு சனிக்கிழமை என்றால் வெளியே சாப்பாடுதான். இரானி சாயா, உஸ்மானியா பிஸ்கட், மழை பெய்தால் மிளகாய் பஜ்ஜி, ரம்ஜான் மாதத்தில் ஹலீம். சண்டை போட்டாலும் சாப்பிட்டுத்தான் சமாதானம் ஆவோம். மகள் பிறந்த பிறகு அவளும் ஸ்கூட்டரின் முன்னால் நின்றுகொண்டு வந்தாள்.

நான் பருமனானது ஒரு நாளில் நடந்ததல்ல. ஆனால் அது என்னிடமிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே போனது. முதலில் தரையில் உட்காருவது போனது. பிறகு சர்க்கரை வந்தது, முழங்கால் வலி வந்தது. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்ததால் பகலெல்லாம் கண் செருகும். ஒருமுறை பேகம்பேட் சிக்னலில் ஸ்கூட்டரின் பின்சீட்டிலேயே தூங்கி அவர் முதுகில் சாய்ந்துவிட்டேன். பச்சை விழுந்தும் அவர் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் அத்தனை ஹார்ன் அடித்தார்கள். நான் விழுந்துவிடுவேனோ என்ற பயத்தில் ஒரு கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றிருந்தார்.

பள்ளிக்கூடத்தில் நடந்தது அதைவிட வலித்தது. நான் வருஷக்கணக்காகப் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தவள். அந்த வகுப்புகள் மேல்மாடியில். ஒரு ஜூன் மாதம் பிரின்சிபால் அம்மாள் என்னைக் கூப்பிட்டு, "மேடம், உங்களுக்குப் படி ஏற கஷ்டமா இருக்கு. கீழேயே அஞ்சாங்கிளாஸ் எடுத்துக்குங்க," என்றார். என் மேஜைக்கு அகலமான ஒரு நாற்காலியும் போடச் சொல்லியிருந்தார். நல்ல மனதோடு செய்தது. அதனாலேயே கோபப்படவும் முடியவில்லை. பின்னக் கணக்கு சொல்லிக் கொடுத்துக்கொண்டே, தலைக்கு மேலே பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பெஞ்சு நகர்த்தும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

கொள்ளுக் கஞ்சி, ராகிக் கூழ், ராத்திரி வெறும் பழம், விடியற்காலை நடை என்று எல்லாம் பார்த்தாகிவிட்டது. இறங்கிய எடை, விட்ட இடத்துக்கே துணையோடு திரும்பி வரும். கடைசியில் சர்க்கரைக்குப் பார்க்கும் டாக்டரே அறுவை சிகிச்சை பற்றிச் சொன்னார். இரைப்பையில் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு சின்ன வாழைக்காய் அளவுக்குக் குழல் போலத் தைத்துவிடுவார்களாம்.

என் கணவர் ஒப்புக்கொள்ளவில்லை. "நல்லா இருக்கிற வயித்தை எதுக்கு அறுக்கணும்? வாயைக் கட்டினா போதாதா?" என்றார்.

"வாயைக் கட்டித்தானே இத்தனை வருஷம் பாத்தேன்," என்றேன்.

மறுவாரம் ஆஸ்பத்திரிக்கு அவர்தான் முன்னால் நடந்தார்.

அறுவை சிகிச்சை எளிதாகவே முடிந்தது. கஷ்டமெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகுதான். ஆரம்பத்தில் தண்ணீர் ஆகாரம் மட்டும். அதையும் டம்ளரைத் தூக்கிக் குடிக்க முடியாது. மருந்து ஊற்றுகிற சின்னக் கப்பில் ஊற்றி, உறிஞ்சி உறிஞ்சிக் குடிக்க வேண்டும். ரசத்தின் தெளிவு, வடிகட்டிய பருப்புத் தண்ணீர், மோர், புரதப் பொடி கலந்த பால். அந்தப் பொடியின் வாசனை எனக்குக் குமட்டியது. மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தேன். பிறகு கூழாக மசித்த உணவு. அதற்குப் பிறகு ஒரு நாள் இட்லி சாப்பிடலாம் என்றார்கள்.

அந்தக் காலை எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. அவர் அரை இட்லியைச் சின்னத் தட்டில் வைத்துக் கொண்டுவந்து எதிரே உட்கார்ந்தார். நான் பழைய பழக்கத்தில் ஒரு விள்ளலைச் சட்னியில் தொட்டு வாயில் போட்டு விழுங்கிவிட்டேன். நெஞ்சுக்கு நடுவில் ஒரு கல் உட்கார்ந்தது. வாயெல்லாம் எச்சில் ஊறி, ஓடிப் போய் வாஷ்பேசினில் நுரை நுரையாகக் கக்கினேன். ஒரே ஒரு விள்ளல் இட்லி. கல்யாண வீட்டில் இலை நிறைய சாப்பிட்டுவிட்டு எழுந்தவள், இட்லிக்குத் தோற்றுப்போய் நின்றேன்.

மகள் என் முதுகைத் தடவிவிட்டாள். அவளுக்குத் தமிழ் நன்றாகப் புரியும், பதில் மட்டும் தெலுங்கில்தான் வரும். "நெம்மதிகா தினு அம்மா," என்றாள். மெதுவாகச் சாப்பிடு என்று அர்த்தம். என் காதில் அது நம் நிம்மதியாகவே விழுந்தது. நிம்மதியாகச் சாப்பிடு. யோசித்துப் பார்த்தால், அத்தனை வருஷமும் நான் நிறையச் சாப்பிட்டிருக்கிறேனே தவிர நிம்மதியாகச் சாப்பிட்டதே இல்லை. சாப்பிடும்போதே அடுத்த வாயைப் பற்றிய கவலை, முடித்த பிறகு குற்ற உணர்ச்சி.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். ஸ்பூனால் நகத்தளவு பிட்டு, வாய்க்குள் கரைந்து தண்ணீராகும்வரை மென்றேன். ஸ்பூனைக் கீழே வைத்தேன். கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தேன். மறுபடி எடுத்தேன். அரை இட்லி முடிய அரை மணி நேரம் ஆயிற்று. உள்ளே தங்கியது.

ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசனை சொன்ன பெண் எங்கள் சாப்பாட்டையே தலைகீழாக்கிவிட்டாள். முதலில் முட்டை, மீன், கோழி, பனீர், அடுத்தது காய், இடம் இருந்தால் மட்டும் சோறு. சாப்பாடு என்றாலே சோறு என்று வளர்ந்த எனக்கு அது வேற்று ஊருக்குக் குடிபோன மாதிரி இருந்தது. சாப்பிடும்போது தண்ணீர் கூடாது. இனிப்பு தொட்டால் நெஞ்சு படபடக்கும். விட்டமின் மாத்திரை ஆயுளுக்கும். நடுவில் கொத்துக் கொத்தாக முடி கொட்டியது. சீப்பைப் பார்த்து அழுதிருக்கிறேன். வயிறு நிறைந்த பிறகும் மனசு மட்டும் பசிக்கும். அந்த நேரங்களில் செருப்பை மாட்டிக்கொண்டு நாங்கள் குடியிருக்கும் சைனிக்புரியின் மரநிழல் தெருக்களில் நடப்பேன். முதலில் எங்கள் தெரு முனைவரை. பிறகு பார்க் வரை. பிறகு பார்க்கைச் சுற்றி.

எடை இறங்கிக்கொண்டே வந்தது. சர்க்கரை மாத்திரையை டாக்டர் குறைத்தார், பிறகு நிறுத்தினார். குறட்டை நின்றதில் முதல் வாரம் என் கணவர்தான் தூக்கம் கெட்டுப் பக்கத்தில் எழுந்து உட்கார்ந்து, எனக்கு மூச்சு வருகிறதா என்று பார்த்திருக்கிறார்.

ஆனால் வீட்டில் வேறொன்று மாறியதை நான் தாமதமாகத்தான் கவனித்தேன். என் கணவர் என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவதை விட்டிருந்தார். சமையலறையில் நின்றபடியே அவசரமாக விழுங்கிவிட்டுக் கையைக் கழுவிவிடுவார். சனிக்கிழமைகளில் ஏதாவது வேலை இருப்பதாகச் சொல்லி வெளியே போவார். ஒரு சனிக்கிழமை திரும்பி வந்தவரின் சட்டையில் பிரியாணி வாசனை.

"எங்க சாப்பிட்டீங்க?" என்றேன்.

கொஞ்ச நேரம் செருப்பைக் கழற்றிக்கொண்டே இருந்தார். "வண்டியை ஓரமா நிறுத்திட்டு, பார்சல் வாங்கி, அங்கேயே சாப்பிட்டேன்."

"தனியாவா?"

"உன்னைப் பாக்க வச்சுத் தின்ன மனசு வரல. நீ ஒரு ஸ்பூன் மோருக்கு மல்லுக்கட்டுற. நான் எப்படி உன் முன்னாடி எலும்பைக் கடிக்கிறது?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. "வயித்தைத்தான் வெட்டி எடுத்தாங்க. சனிக்கிழமையை யார் எடுக்கச் சொன்னாங்க?" என்றேன்.

அடுத்த சனிக்கிழமை நாங்கள் பழைய ஹோட்டலுக்கே போனோம். அவர் ஒரு பிரியாணி சொன்னார். எங்களை வருஷக்கணக்காகப் பார்த்திருந்த சர்வர் என்னைப் பார்த்து, "மேடம்கு?" என்றார்.

"நக்கோ பாய், வேணாம். இதுல இருந்தே எடுத்துக்குவேன்," என்றேன்.

சர்வருக்கு நம்பிக்கை வரவில்லை. தட்டு மட்டும் ஒன்று கொண்டுவந்து வைத்தார். அன்றைக்கு நான் பேச்சு சுவாரசியத்தில் வேகமாக விழுங்கி, பாதியில் எழுந்து வெளியே போய் நிற்க வேண்டியதாயிற்று. என் கணவர் முகம் கறுத்துப்போனது. "இது வேணாம், விட்டுரலாம்," என்றார். நான் விடவில்லை. மறுவாரமும் போனோம். இந்த முறை பேச்சு அவருடையது, மெல்லுவது என்னுடையது என்று ஒப்பந்தம். ஒரு சின்னத் துண்டு கறி, அதன்மேல் ஒரு ஸ்பூன் சோறு. மென்று மென்று பார்த்தபோது புதினா தனியாகத் தெரிந்தது, வறுத்த வெங்காயம் தனியாகத் தெரிந்தது, எங்கோ ஓரத்தில் பிரியாணிச் சீரகமான ஷாஜீரா கூடத் தெரிந்தது. இத்தனை வருஷம் தின்ற பிரியாணியில் ஷாஜீரா இருந்தது எனக்குத் தெரியவே தெரியாது.

"என்ன யோசனை?" என்றார்.

"உப்பு ஒரு கல்லு கூட," என்றேன்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். பல மாதங்களுக்குப் பிறகு கேட்ட சிரிப்பு. மிச்சத்தைப் பார்சல் கட்டிக்கொண்டு, வண்டியை அங்கேயே விட்டுவிட்டுக் கடைத்தெருவில் ஒரு சுற்று நடந்தோம். சாப்பாடு ஒரு தட்டோடு முடிந்துவிடுவதால் சாயங்காலம் நீண்டுவிட்டிருந்தது. இப்போதும் எங்கள் சனிக்கிழமை அப்படித்தான்.

அடுத்த ஜூனில் நானே பிரின்சிபால் அறைக்குப் போய்ப் பத்தாம் வகுப்பைத் திரும்பக் கேட்டேன். அவர் தயங்கினார். "வாங்க மேடம், மேல போய்ப் பேசலாம்," என்று சொல்லி நான் படியேறினேன். அவர் பின்னால் வந்தார். மேல்மாடி வராந்தாவில் நின்று நான் பேச ஆரம்பித்தபோது அவருக்குத்தான் மூச்சு வாங்கியது. இருவரும் சிரித்துவிட்டோம். வகுப்பு கிடைத்தது. நாற்காலியைக் கீழேயே விட்டுவிட்டு வந்தேன்.

போன தை மாதம் என் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம். நாத்தனார் என் கணவருக்கு அக்கா, வேலூரில் இருக்கிறார், அவருக்கும் பருத்த உடம்புதான். பையன் இந்த ஊர் என்பதால் கல்யாணம் இங்கே செகந்திராபாத்தில் ஒரு மண்டபத்தில். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் என்னை நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"என்னம்மா இது, மூஞ்சியெல்லாம் ஒட்டிப்போய்," என்று கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். பந்தியில் என் பக்கத்திலேயே வந்து நின்றுகொண்டார். நான் பரிமாறுகிறவரிடம் பருப்பு, கூட்டு, ஒரு வடை மட்டும் போதும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தேன். நாத்தனார் அவரைத் திரும்பக் கூப்பிட்டு, "ஜாங்கிரி வை. பாயசம் ஊத்து. எங்க வீட்டுக் கல்யாணத்துல இவ இப்படி எழுந்திருச்சா எனக்குத்தான் அவமானம்," என்றார்.

முன்பென்றால் அந்த ஒரு வார்த்தைக்கே நான் இலையை வழித்திருப்பேன். இப்போது இலைக்கு மேலே கையை விரித்துக் காட்டினேன். "அண்ணி, நான் சாப்பிட்டேன். வடை நல்லா மொறுமொறுன்னு இருந்துச்சு. கூட்டுல தேங்காய் புதுசு. நிம்மதியா சாப்பிட்டேன், போதும்."

எதிர் வரிசையில் இருந்த என் கணவர் தலையை நிமிர்த்தாமலே, "அக்கா, அவ இலையை அவ பாத்துக்குவா. எனக்கு அந்த ஜாங்கிரியை வைக்கச் சொல்லு," என்றார். வரிசையில் சிரிப்பு எழுந்தது. நாத்தனாரும் சிரித்துவிட்டார்.

சாயங்காலம் நலங்கு. பெண்கள் எல்லோரும் ஜமக்காளத்தில் சுற்றி உட்கார்ந்தோம். நானும் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தேங்காய் உருட்டும்போது பாட்டும் பாடினேன். ஆரத்தி எடுக்கக் கூப்பிட்டார்கள். நான் கையைக்கூட ஊன்றவில்லை, எழுந்து நின்றுவிட்டேன். நின்ற பிறகுதான் அது எனக்கே உறைத்தது. பக்கத்தில் நாத்தனார் ஒரு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழ முடியாமல் தவித்துக்கொண்டிருந்தார்.

"கை குடுங்க அண்ணி," என்று குனிந்தேன்.

அவர் என் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். பிறகு முழுப் பாரத்தையும் என்மேல் போட்டு எழுந்தார். நான் அசையவில்லை. அவர் எழுந்த பிறகும் கையை விடாமல், யாருக்கும் கேட்காதபடி, "ரொம்பக் கஷ்டமா இருந்துச்சா?" என்று கேட்டார்.

"ரொம்ப," என்றேன். "நாளைக்கு வீட்டுக்கு வாங்க. முதல்ல கஷ்டமெல்லாம் சொல்றேன்."

ஆரத்தித் தட்டை அவரும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் சுற்றினோம். மகள் தூரத்தில் நாற்காலிமேல் ஏறி நின்று எங்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். அந்தப் படத்தில் நான் நன்றாகவே இருக்கிறேன்.