பாக்குத் தட்டம் தூக்க வராத அண்ணை

போன ஞாயிறு லண்டன் ஹவுன்ஸ்லோவில் அண்ணை வீட்டுக்குப் போனேன். என் கலியாணத்துக்குப் பிறகு முதல் தடவை... ஒரு வருஷம் ஓடிவிட்டது. மனைவி நொய்யின் தொல்லை தாங்காமல்தான் போனேன். அவள் தாய்லாந்துக்காரி.

அண்ணை வாசலிலேயே நின்று சிரித்தார்.

சாப்பிட்ட பிறகு நொய் போனில் கலியாண வீடியோவைப் போட்டாள். மோர்டனில் அவளுடைய பெரியம்மா வீட்டுக்கு நான் ஊர்வலம் போன வீடியோ. தாய்லாந்து முறையில் மாப்பிள்ளை பகுதி மேளம் அடித்து, ஆடிக்கொண்டே பெண் வீட்டுக்கு நடக்க வேண்டும். முன்னால் வாழைக்கன்று, கரும்பு, வெற்றிலை பாக்குத் தட்டம்...

"எங்கட சாமான்கள் எல்லோ!" என்றார் அண்ணி.

வாழைக்கன்றைக் கட்டிப்பிடித்தபடி என் ஆபீஸ் நண்பன் ஆடுகிறான். வாசலில் பெண் வீட்டார் சங்கிலி பிடித்து மறிக்கிறார்கள் — ஒன்றல்ல, மூன்று. வழிவிட வேண்டுமென்றால் அவளை எவ்வளவு விருப்பம் என்று கத்திச் சொல்லச் சொல்கிறார்கள், அதுவும் அவர்கள் முறைதான். ரோடே கேட்கக் கத்துகிறேன். வெட்கமா? மருந்துக்கும் இல்லை.

அண்ணையின் கண் வேறெங்கோ இருந்தது.

"தட்டத்தோட முன்னுக்கு வாறது ஆர்?"

"என்ர மனேஜரும் அவற்ர மனிசியும்."

"அவையள் ஏன்?"

சொல்லாமல் இருக்க முடியுமா? "மாப்பிள்ளை பக்கத்துப் பெரியாக்கள் தூக்க வேணும் அண்ணை. சந்தோஷமா வாழுற புருசன் பெண்சாதி..."

அண்ணையையும் அண்ணியையும் விட்டால் எனக்கு லண்டனில் வேறு பெரியவர்கள் ஏது?

நான் செய்த வேலை இதுதான் — கலியாணக் கார்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். எங்கள் ஆட்களுக்குக் கலியாணம் நேரில் போய்ச் சொல்ல வேண்டும், அதுவும் கூடப்பிறந்தவருக்கு. தெரியாதா? நன்றாகத் தெரியும். தாய்லாந்துப் பெண் என்றதும் அண்ணையின் முகம் மாறும், அதை நேரில் பார்க்கப் பயம். மாறும் என்று யார் சொன்னது? ஒருவரும் சொல்லவில்லை. அவர் வரவில்லை என்றதும், நினைத்தது சரிதான் என்று ஒரு வருஷம் கோபம் வேறு!

அண்ணி எழுந்துபோய் அலுமாரியிலிருந்து ஒரு பட்டு வேட்டியை எடுத்து வந்தார். மடிப்புக் கலையவில்லை.

"கார்ட் வந்த அண்டைக்கே வாங்கினவர். ஷிப்டையும் மாத்தி வைச்சவர். தம்பி எப்பிடியும் வந்து சொல்லுவான் எண்டு கடைசி நாள் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தவர்."

"விடும் அதை" என்றார் அண்ணை. பிறகு என்னைப் பார்த்து, "நீ வந்து ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா, அந்த மேளத்துக்கு நானும் ஆடியிருப்பன்ரா."

வேட்டியை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். நொய் பயந்துபோனாள்.

மூன்று சங்கிலிகளைத் தாண்டிய மாப்பிள்ளை... பூட்டாத ஒரு கதவைப் போய்த் தட்டவில்லை.