வெள்ளைச் சேலைக்கு மஞ்சள் போட்டேன்

எழுபதுகளின் தொடக்கத்தில் காரைக்குடியில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். கூட வேலை பார்த்த தோழிக்கு மாசி மாதம் கல்யாணம். கோட்டையூரில், மாப்பிள்ளை வீட்டில் சாயங்கால வரவேற்பு. தனக்குக் கூடப் பிறந்த பெண்கள் இல்லாததால், பக்கத்தில் நான்தான் நிற்கவேண்டும் என்று சொல்லியிருந்தாள். கூடவே ஒரு பயத்தையும் சொன்னாள்.

"டூட்டி முடிஞ்ச கையோட வெள்ளைச் சேலையில வந்துறாதடி. என் மாமியா சகுனம் பாக்குறவுக. முத நாளே எனக்குக் கெட்ட பேரு வந்துரும்."

என்னிடமிருந்த ஒரே பட்டுச்சேலையை அக்கா வாங்கிப் போய்த் திருப்பித் தரவில்லை. மற்றவை சாயம் போன வீட்டுச் சேலைகள். கட்டத் தகுந்ததாக இருந்தது புது யூனிபார்ம் சேலை ஒன்றுதான். மஞ்சள் சாயம் வெயிலில் பறந்துவிடும் என்பது தெரியும். அப்படியானால் ஒரு நாள் மட்டும் கலர் சேலை, அடுத்த வாரம் மறுபடி வெள்ளை. ஒன்று தோன்றிவிட்டால் அதைச் செய்து பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது.

முந்தின நாள் காலை கிணற்றடியில் மஞ்சள்தூளைக் கரைத்துச் சேலையை முக்கினேன். நிறம் நன்றாகவே பிடித்தது, ஆனால் கரை இல்லாமல் மொட்டையாக இருந்தது. ஆரத்தி கரைப்பது நினைவுக்கு வந்தது. வார்டு ஆயாவின் வெற்றிலைப் பையிலிருந்து சுண்ணாம்பு வாங்கித் தண்ணீரில் கலந்து, பஞ்சால் ஓரம் நெடுகத் தொட்டு வைத்தேன். தொட்ட இடமெல்லாம் சிவந்தது. ஊசி போடும்போதுகூட நான் அவ்வளவு கவனமாக இருந்ததில்லை.

"நீ நர்ஸுக்குப் படிச்சியா, சாயம் போடப் படிச்சியா தாயி?" என்றாள் ஆயா.

மறுநாள் கோட்டையூரில் பஸ்ஸை விட்டிறங்கி வீட்டுக்குள் நுழைந்ததும், பெண்கள் விலகி வழிவிட்டார்கள். ஒருத்தி எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாமியார் வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அம்மனுக்கு விரதமா தாயி?"

அப்போதுதான் உறைத்தது. முத்துமாரியம்மனுக்குப் பால்குடம் எடுக்கிற பெண்கள் அந்த மாதம் முழுக்க இதே மஞ்சளில்தான் ஆஸ்பத்திரி வாசலைக் கடந்து போனார்கள். தினமும் பார்த்த எனக்கு அது எப்படித் தோன்றாமல் போனது என்று இன்றும் வியப்பாக இருக்கிறது.

இல்லை என்று சொன்னால் வெள்ளைச் சேலைக் கதை முழுக்க வெளியே வரும். தோழி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாங்கத்தை," என்றேன்.

"என்ன வேண்டுதல்?"

"இவ வந்த எடத்துல நல்லாருக்கணும்னு."

வாய்க்கு வந்ததைத்தான் சொன்னேன். சொன்ன பிறகுதான் அது பொய்யில்லை என்று தெரிந்தது. மாமியாருக்குக் கண் கலங்கிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு போய் மருமகள் பக்கத்தில் நிறுத்தினார். போட்டோ எடுத்தார்கள்.

பந்தியில் மட்டும் வினை வந்தது. "அந்தப் பிள்ளைக்குக் கறி வைக்காதீக, விரதம்," என்று மாமியார் குரல் கொடுத்துவிட்டார். இலைக்கு இலை கோலா உருண்டை விழ, நான் ரசம் சாதம் சாப்பிட்டேன். தோழி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குக் கோபமான கோபம்.

சில மாதம் கழித்து, டூட்டி முடிந்து நேராக அவளைப் பார்க்கப் போனேன். கூடத்தில் அந்த போட்டோவைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். கறுப்பு வெள்ளைப் படம். அதில் என் மஞ்சள் சேலை பளிச்சென்று வெள்ளையாக விழுந்திருந்தது.

விருந்தாளியாக வந்திருந்த ஒரு அம்மாள் அதைக் காட்டிக் கேட்டாள், "ஏன், பொண்ணுக்குப் பக்கத்துல ஒருத்தி வெள்ளைச் சேலையில நிக்கிறா?"

"அது வெள்ளையில்ல," என்றார் மாமியார். "என் மருமகளுக்காக விரதம் இருந்த பிள்ளை. மஞ்சச் சேலை. நான் கண்ணால பாத்தேன்."

அந்தச் சேலையைத்தான் அன்றும் கட்டியிருந்தேன். வெயிலில் மஞ்சளும் கரைச் சிவப்பும் முழுக்கப் போய், வெள்ளையாகிவிட்ட அதே சேலையில் அவர் எதிரிலேயே காபி குடித்துக்கொண்டிருந்தேன்.