ஜோசஃபினின் கை

ஜோசஃபினுக்கு வாய் அதிகம். சும்மா சொல்லக்கூடாது, கைவேலை அதைவிட அதிகம். பெங்களூர் பிரேசர் டவுனில் சீனிவாசராகவன் நடத்திய கல்யாண கவுன் பட்டறையில் ஐந்து பெண்கள் உட்கார்ந்து வெள்ளைத் துணியில் வெள்ளை நூலால் பூ போட்டார்கள். ஐவரில் மூத்தவள் அவள். கோலார் தங்கவயலிலிருந்து தினமும் காலை ரயிலில் வருவாள். பத்து வயதில் கன்னியாஸ்திரீகளிடம் பழகிய ஊசி. நாற்பத்தெட்டு வயதிலும் கண்ணாடி போடாமல் நூல் கோப்பாள்.

மற்றவர்கள் வேலை அவளுக்கு ஆகவே ஆகாது. ஒரு இதழ் கோணிவிட்டால் போதும், கத்தரிக்கோலை எடுத்து எல்லார் முன்னாலும் அறுத்துப் போடுவாள். "இன்னாடி இது? பூவா, புண்ணா?" டோரதி இரண்டு நாள் முதுகொடிய உட்கார்ந்து போட்ட கொடியை ஒருமுறை அப்படித்தான் அறுத்தாள். டோரதி அழுதுகொண்டே நூலைப் பொறுக்கினாள். ஜோசஃபின் டீ குடிக்கப் போய்விட்டாள்.

தொண்ணூற்றொன்பதில் பட்டறைக்குக் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின் வந்தது. அதை ஓட்ட, டிசைன் படித்த கிருத்திகா என்ற கோயம்புத்தூர்ப் பெண்ணும் வந்தாள். ஜோசஃபின் போட்ட பூக்களை ஸ்கேனரில் வைத்துத் திரையில் பெரிதாக்கி, ஊசி எங்கே இறங்கி எங்கே ஏறுகிறது என்று ஒவ்வொரு தையலாக மவுஸால் குறிப்பாள். மெஷின் அதைப் பார்த்துப் போடும். பரந்த வேலைக்கு மெஷின், மேல் நுணுக்கத்துக்குக் கை, இரண்டும் சேர்ந்தால் நம்மை அடிக்க ஆளில்லை என்று முதலாளி குதித்தார்.

மூன்று மாதம் ஜோசஃபின் அவள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நூல் எந்தப் பக்கம் படுக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாள். படித்த பெண் தன்னிடம் கேட்டுக் கேட்டுச் செய்வதில் அவளுக்கு ஏகப் பெருமை. மெஷின் போட்டதோ தட்டையாக, ஸ்கூல் பேட்ஜ் மாதிரி வந்தது. ஜோசஃபின் விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஒருநாள் கிருத்திகா திரையைக் காட்டினாள். "ஆன்ட்டி, இங்க பாருங்க. உங்க இதழ் எல்லாமே முடியற இடத்துல லேசா இடதுபக்கம் சாயுது. எவ்வளவு அழகா இருக்கு!"

ஜோசஃபினுக்கு முகம் சுருங்கிவிட்டது. முப்பத்தெட்டு வருஷமாகத் தன் கையில் ஒரு கோணல் இருந்து, அதை நேற்று வந்த ஒருத்தி கண்டுபிடிப்பதா? "சாயுதா? உன் கம்ப்யூட்டருக்குக் கண்ணு சாஞ்சிருக்கும்" என்று எழுந்து போனாள்.

கிறிஸ்துமஸ் சீசன் நெருங்கியது. கிருத்திகா திருத்தித் திருத்தி மெஷின் பூவிலும் தட்டை போயிருந்தது. சீனிவாசராகவன் ஐந்து பேரையும் கூப்பிட்டார். "பாருங்கோ, மெஷின் போட்டதும் கை போட்டதும் ஒண்ணா இருந்தா, எனக்கு அஞ்சு பேர் எதுக்கு? இல்லேன்னா மெஷின் பேட்ஜ் போடட்டும், கவுன் உங்களுக்குத்தான்."

டோரதி வாய் திறப்பதற்குள் ஜோசஃபின் முந்திக்கொண்டாள். "ஒரு பூ நான் போடறேன் சார், ஒரு பூ உங்க மெஷின் போடட்டும். ரெண்டையும் கலந்து வைங்க. எது என் கைன்னு நானே காட்டலன்னா எங்க அஞ்சு பேரையும் வீட்டுக்கு அனுப்பிடுங்க."

மற்ற நால்வரை அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஒன்பது நாள் அந்த ஒரு ரோஜாவைப் போட்டாள். கிருத்திகா சொன்னது முள்ளாய்த் தைத்திருந்ததால், ஒவ்வொரு இதழிலும் நூல் எண்ணி, சாய்ந்ததைப் பிரித்து, நேராகப் போட்டாள். அப்படி ஒரு சுத்தமான வேலையை அவள் ஜென்மத்தில் செய்ததில்லை.

பத்தாம் நாள் இரண்டு ரோஜாக்கள் மேசைக்கு வந்தன. இரண்டுக்கும் பின்னால் லைனிங் துணி வைத்துத் தைத்திருந்தது. மெஷின் தையலைப் பின்பக்கம் திருப்பினால் குழந்தையும் சொல்லிவிடும். முதலாளி நல்ல மனிதர்தான், "வேணும்னா லைனிங்கைப் பிரிச்சுப் பாருங்கோ" என்றார்.

"பிரிச்சுப் பாருக்கா" என்று டோரதி கெஞ்சினாள்.

"என் கையைப் பாக்கறதுக்கு எனக்கு முதுகுப்பக்கம் எதுக்குடி?" என்றாள் ஜோசஃபின்.

குனிந்தாள். ஒரு ரோஜா அப்பழுக்கில்லாமல் நேராக இருந்தது. இயந்திரம் போட்டதென்று அதை ஒதுக்கினாள். இன்னொன்றின் இதழ்கள் பெற்ற பிள்ளையின் நடை மாதிரி அவளுக்குப் பழகியவையாக இருந்தன. அதன்மேல் விரலை வைத்தாள். "இதோ. இதுதான் நான்."

கிருத்திகாவுக்குக் கண் கலங்கியது. "ஆன்ட்டி, அது மெஷின். உங்க சாய்வை நான் அதுல சேர்த்துட்டேன்."

லைனிங்கைப் பிரித்தார்கள். மெஷின்தான்.

டோரதி அழவில்லை. "நாலு வீட்டு அடுப்புல தண்ணிய ஊத்திட்டியேடி பாவி! என் கொடிய அறுத்தியே, அன்னிக்கே உன் கை விளங்காம போயிருக்கக்கூடாதா!" என்று கத்தினாள். சனிக்கிழமை நால்வரும் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு போனார்கள்.

ஜோசஃபினை மட்டும் முதலாளி நிறுத்திக்கொண்டார். ஷோரூமில் கண்ணாடி ஜன்னல் ஓரம் நாற்காலி, மடியில் ஒரு ஃபிரேம், கையில் ஊசி. "நூலெல்லாம் கோக்க வேண்டாம், ஊசி ஏறி இறங்கினாப் போதும். கஸ்டமர் பாக்கணும், அவ்வளவுதான்." தூ, இதுவும் ஒரு பிழைப்பா என்று முதல் நாள் வாசல்வரை போனாள். வேறு எங்கே போவது? திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

டிசம்பரில் ஒரு கல்யாணப்பெண் தாயோடு வந்தாள். மெஷின் கவுனைத் தோளில் வைத்துப் பார்த்து மயங்கிப்போய், ஜன்னலோரம் வந்து கேட்டாள். "ஆன்ட்டி, இந்தப் பூவெல்லாம் நீங்க கையால போட்டதா?"

ஜோசஃபின் அந்தப் பூவைக் குனிந்து பார்த்தாள். ஒவ்வொரு இதழும் லேசாக இடதுபக்கம் சாய்ந்திருந்தது. "ஆமா கண்ணு. எல்லாம் என் கைதான்."

பில் போட்டுக்கொண்டிருந்த சீனிவாசராகவன் நிமிர்ந்தார். இப்படிச் சொல்லும்படி அவர் சொல்லிக் கொடுக்கவே இல்லை. முகம் மலர்ந்துவிட்டது.

"பேஷ்! வர்றவா எல்லார்கிட்டயும் இதையே சொல்லுங்கோ."

"சரிங்க சார்" என்றாள் ஜோசஃபின்.