அரை லிட்டர் போதும்

என் அக்கா புருஷனுக்கு நாடகக் குழுவில் 'துரை' என்று பெயர். பகலில் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் கணக்கெடுப்பவர். வீட்டில் கிழிந்த பனியனோடு திரிகிறவர். ஆனால் அந்தக் குழு போடுவதெல்லாம் ஐரோப்பாவின் பழைய நாடகங்கள். பிரபுவோ நீதிபதியோ, தொப்பி வைத்த வேஷம் எதுவானாலும் மாமாவுக்குத்தான். மேடையில் அப்படிப் பொளந்து கட்டுபவர், வீட்டில் பேப்பருக்குப் பின்னாலிருந்து 'ம்' என்பதோடு சரி.

அந்த வருடம் முந்நூறு வருடம் பழைய நகைச்சுவை நாடகம் ஒன்றை எடுத்தார்கள். மாமா பணக்காரக் கணவர். அவர் மனைவி எதற்கெடுத்தாலும் சாகப்போகிறேன் என்று புலம்புகிறவள். அந்த வேஷம் ஒரு பள்ளிக்கூட டீச்சருக்கு. "மரணம் என் வாசலில் நிற்கிறது, நாதா" என்று மொழிபெயர்ப்பில் இருந்ததை அவர் அப்படியே சொன்னபோது சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. டைரக்டர் அம்மா பொறுத்துப் பார்த்துவிட்டுக் காகிதத்தைக் கீழே வைத்தார்.

"இத எழுதின ஆளு தன் ஊர்ல கேட்ட பேச்சத்தான் எழுதியிருப்பாரு. நீங்க உங்க வீட்ல கேக்கறத கொண்டுவாங்க."

மாமா கொண்டுபோனார். அக்கா துணி மடிக்கும்போது சொல்வது அது: "நான் பேசறது உங்களுக்கு ரேடியோ. ஓடிக்கிட்டிருந்தா போதும், கேக்கணும்னு இல்ல." டீச்சர் அதைச் சொன்னதும் ஒத்திகையில் எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். துரைக்குத் தலைகால் புரியவில்லை. அன்றிலிருந்து அக்கா அடுப்படியில் எதைச் சொன்னாலும் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். புருஷன் திருந்திவிட்டார் என்று நம்பி அவளும் கூடுதலாகவே பேசினாள், பாவம்.

இரண்டாம் பாதிக்கும் ஒன்று வேண்டும் என்றார் டைரக்டர். மாமாவிடம் சரக்கு தீர்ந்திருந்தது. ஒன்றே ஒன்றைத் தவிர.

முந்தைய வருடம் அக்காவுக்கு வயிற்றில் கட்டி. ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகும் முன் மாமாவைக் கூப்பிட்டு, "எனக்கு ஏதாவது ஆயிட்டா பால்காரர்கிட்ட சொல்லிடுங்க, இனிமே அரை லிட்டர் போதும்னு" என்றிருக்கிறாள். மாமா அவள் போர்வை நுனியை எடுத்துக் கண்ணைத் துடைத்திருக்கிறார். அவர்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த விஷயம். அதையும் தூக்கிக் கொடுத்துவிட்டார், போர்வை நுனியையும் சேர்த்து.

உறுத்தாமல் இல்லை. டிக்கெட்டே கிடைக்கவில்லை என்று வீட்டில் புளுகிவைத்திருந்தார். ஒன்றும் தெரியாத மகராசன் நான், ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்கு அக்காவைக் கூட்டிக்கொண்டு போய் மூன்றாவது வரிசையில் உட்கார வைத்தேன்.

ரேடியோ வசனம் வந்ததும் அக்கா என் தொடையில் ஒன்று வைத்தாள். "டேய், இது நான் சொல்றதுடா!" முகமெல்லாம் பெருமை. அந்தச் சத்தத்தில் மாமா எங்களைப் பார்த்துவிட்டார். கழற்ற வேண்டிய தொப்பியைக் கழற்றாமல் நின்றார்.

அதற்குப் பிறகும் நேரம் இருந்தது. மனைவி சாகக் கிடக்கும் கட்டில் காட்சியில் மாமா தன் வசனத்தை ஒரு வரி முன்னால் சொல்லியிருந்தால் போதும், பால்காரர் பேச்சே வராமல் காட்சி நகர்ந்திருக்கும். சொல்லவில்லை. "அந்த இடத்துல கைதட்டு வரும்னு தெரியும், மாப்ள" என்று பின்னொரு நாள் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

டீச்சர் அரை லிட்டரைச் சொன்னார். அரங்கம் அதிர்ந்தது. நானும் கண்ணில் நீர் வரச் சிரித்தேன். மாமா போர்வை நுனியால் ஒரு கண்ணைத் துடைத்து, கட்டிலில் கிடக்கும் மனைவி பார்க்கிறாளா என்று எட்டிப் பார்த்து, மற்ற கண்ணையும் துடைத்தார். கைதட்டல் ஓயவில்லை. திரும்பினால், அக்கா கைப்பையை வயிற்றில் தையல் போட்ட இடத்தோடு அழுத்திக்கொண்டு குனிந்திருந்தாள்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. எல்லாரும் என்னையே பாக்கற மாதிரி இருக்கு."

மூன்று பேரும் பஸ்ஸில் வீடு திரும்பினோம். மாமாவின் காதோரம் சாயம் ஒட்டிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்து உள்ளே போனதும் அக்கா நின்றாள்.

"நான் சொன்னத எடுத்துக்கிட்டீங்க, போகட்டும். அன்னிக்கு ஆஸ்பத்திரியில கண்ண தொடச்சீங்களே. அது நெசமா, அதுவும் நடிப்பா?"

எனக்கே அங்கே நிற்கக் கூசியது. என் சிரிப்புச் சத்தமும் அவள் காதில் விழுந்துதானே இருக்கும்.

"சத்தியமா நெசம்" என்றார் மாமா. குரல் உடைந்தது, கண்ணும் நிறைந்தது. துடைக்கக் கை முகத்துக்குப் போனது. அக்கா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்ததும் பாதியிலேயே நிறுத்திவிட்டார். அப்புறம் அதை எங்கே வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை.