வெள்ளை வேட்டி சுற்றிய சாய்மனைக் கதிரை

கண்டியிலிருந்து கொழும்புக்குப் போகும் பெருந்தெருவில், பிலிமத்தலாவையில், நான் நாள்தோறும் பத்திரிகை வாங்கும் தேநீர்க் கடை ஒன்றுண்டு. அதன் உரிமையாளர் டிங்கிரி பண்டா என்னைக் கண்டதும் எழுந்து நின்று, பத்திரிகையை இரு கைகளாலும் நீட்டி, தமக்குத் தெரிந்த தமிழில், 'ஐயா' என்பதற்கு மட்டும் சிங்களச் சொல்லை வைத்து, "மாத்தயா, இன்னைக்கும் இருக்கு தானே?" என்று கேட்பார். "இருக்கிறேன்" என்று நான் சொன்ன பின்னரே அமர்வார். மற்ற வாடிக்கையாளருக்கு இந்த விசாரணை இல்லை. யாழ்ப்பாணத்தில் என் ஊரான வடமராட்சியிலிருந்து வந்து என்னுடன் தங்கிச் சென்ற உறவினர் ஒருவர் இதைக் கண்டு, கண்டியில் எனக்கு எழுந்து நின்று மரியாதை செய்கிறார்கள் என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்கு வேறு காரணம் சொல்லிச் சிலர் சிரிப்பதாக என் தம்பி இப்போது கடிதம் எழுதியிருக்கிறான். அரைகுறைக் கதை ஊரில் உலவுவதைவிட முழுக் கதையும் என் கையால் எழுதப்படுவது மேல் என்று கருதி இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் வீடு மாறுதல் என்றொரு காரியம் கிடையாது என்பதை வாசகர் அறிவர். வீடு சீதனமாக வரும். வந்த வீட்டில் வாழ்ந்து, அந்த வீட்டு முற்றத்திலிருந்தே ஒருநாள் புறப்படுவோம். ஒருவர் தம் கட்டிலையும் அலுமாரியையும் ஏற்றிக்கொண்டு தெருவில் போனால், வழக்கில் தோற்றுவிட்டார் என்றே சனம் நினைக்கும். இந்த மலைநாட்டிலோ, மனிதர் வீடு மாறுவதைத் தலைமயிர் வெட்டுவதைப் போல எண்ணுகிறார்கள். கண்டி நகரில் நான் வாடகைக்கிருந்த வீட்டை உரிமையாளர் தம் மகளுக்கென்று கேட்டபோது, ஓய்வூதியத் தொகையைக் கொண்டு பிலிமத்தலாவையில் ஒரு சிறு வீட்டை வாங்கினேன். வாங்கியதில் இழுக்கில்லை. அங்கே சாமான்களுடன் போய்ச் சேர்வதிலேதான் இழுக்கு இருந்தது.

அந்த இழுக்கின் பெயர் சாய்மனைக் கதிரை. முதிரை மரத்தில், கால்களை நீட்டி வைக்க நெடுங்கைகள் கொண்டு செய்யப்பட்டது. என் மாமனார் திருமணத்தன்று எனக்குத் தந்தது. அவருடைய வீட்டில் அது இருந்த காலத்தில், நீதவானும் வைத்தியரும் தவிர வேறெவரும் அதில் சாய்ந்ததில்லை. பனையோலைப் பாயில் பொதிந்து, புகைவண்டியில், நான் பக்கத்தில் விழித்திருந்து கண்டிக்குக் கொண்டுவந்தேன். இத்தனை ஆண்டுக் கண்டி மழையில் அதன் பிரம்பு நடுவில் கிழிந்துவிட்டது. ஒரு கால் இற்றுக் கம்பியால் கட்டப்பட்டிருந்தது. புதிய அயலவர் என்னை அறியுமுன் அதன் கிழிசலை அறிந்துவிடக் கூடாது என்பதே என் ஒரே கவலை. ஒரு குடும்பத்தின் தரத்தை அதன் சாமான்களைக் கொண்டே ஊர் முதலில் எடைபோடும். கல்லூரியில் படித்த, அரசாங்கக் கணக்குப் பகுதியில் தலைமை எழுதுவினைஞராக இருந்த ஒருவன், கிழிந்த கதிரையோடு ஓர் ஊருக்குள் நுழைவதா?

செலவுத் திட்டத்தை முறையாக வகுத்தேன். லொறி, கூலியாட்கள், கயிறு, தேநீர் என்று தலைப்புகள் இட்டேன். எதிர்பாராச் செலவு என்ற தலைப்புக்கு நேரே ஒரு சிறு கோட்டை மட்டும் இழுத்தேன். சரியாகத் திட்டமிடுபவனுக்கு எதிர்பாராதது நேராது என்பது என் உத்தியோக காலக் கொள்கை. அடுத்த வீட்டுச் சிங்கள ஆசிரியர் இதைக் கேட்டுவிட்டு, புதிய ஊராருக்கு ஒரு சொல் சொல்லியனுப்பினால் அவர்களே வந்து தூக்குவார்கள், ஒருவேளைச் சோறு போட்டால் போதும் என்றார். நான் நன்றி கூறி மறுத்தேன். இன்றைக்கு அவர்கள் என் அலுமாரியைத் தூக்கினால் நாளைக்கு நான் அவர்களுடைய அலுமாரியைத் தூக்க வேண்டிவரும். கூலி கொடுத்தால் கடன் அன்றோடு தீர்ந்தது.

தெல்தோட்டைப் பக்கத் தோட்டமொன்றில் பிறந்து, கண்டிச் சந்தையில் சுமை தூக்கும் காளிமுத்துவையும் அவனுடைய ஆட்களையும் அமர்த்தினேன். கதிரைக்கு என் புதிய எட்டுமுழ வேட்டிகளைச் சுற்றித் தலையும் காலும் கயிற்றால் இறுக்கச் சொன்னபோது, காளிமுத்து தலையைச் சொறிந்தான்.

"ஐயா, வெள்ளை வேணாமுங்க. ரெண்டு சாக்கைப் போட்டு மூடிட்டுப் போயிருவோம்."

"சாக்கா? இது யாருடைய கதிரை தெரியுமா?"

"யாரோடதா இருந்தாலும் பாக்க நல்லா இல்லீங்க."

படிப்பில்லாதவனுக்குத் துணியின் அருமை தெரியாது என்று எண்ணிக்கொண்டேன்.

என் மனைவி பால் காய்ச்சுவதற்காக விளக்கும் அரிசியும் கொண்டு முதல் பஸ்ஸிலேயே போய்விட்டாள். நிறைகுடத்தை நான் கொண்டுவர வேண்டும் என்பது அவளுடைய கட்டளை. பெருந்தெருவில் லொறி நின்றபோது, அதற்கப்பால் வீட்டுக்குப் போகும் ஒழுங்கை செங்குத்தாக மேலே ஏறியது. சமதரையில் பிறந்த நான், வீடு வாங்கும்போது வீட்டைப் பார்த்தேனேயன்றி ஏற்றத்தை அளக்கவில்லை. சாரதி தலையை ஆட்டிவிட்டு இயந்திரத்தை நிறுத்தினான். சுபநேரம் நெருங்கிக்கொண்டிருந்தது, தூறலும் பிடித்துக்கொண்டது. முதலில் கதிரை போகட்டும், ஊர் விழித்துப் பார்க்குமுன் உள்ளே போய்விடட்டும் என்றேன்.

ஏற்றத்தில் வழுக்காதிருக்க, கதிரையை இரண்டு மூங்கில்களில் வைத்துக் கட்டி, நால்வர் தோளில் ஏற்றினார்கள். பிரம்பில் ஈரம் படக்கூடாதென்று, எனக்கு வைத்திருந்த குடையை ஒருவனிடம் கொடுத்துக் கதிரைக்கு மேலே பிடிக்கச் சொன்னேன். நான் சால்வையை இடுப்பில் கட்டி, செருப்பைக் கழற்றிவிட்டு, தெருக் குழாயில் நிரப்பிய மண்குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தேன்.

"ஐயா," என்றான் பின்னாலிருந்து காளிமுத்து, குரலைத் தாழ்த்தி, "கொடத்தோட முன்னுக்குப் போகாதீங்க. கும்புட்டுக் கேக்குறேன்."

"நிறைகுடம் முன்னாலேதான் போக வேண்டும். பேசாமல் வா."

வாசகர்களே, அந்த ஏற்றத்தில் எனக்குக் கிடைத்த வரவேற்பை நான் எந்தப் பிரிவுபசாரத்திலும் கண்டதில்லை. ஒழுங்கை முனைத் தேநீர்க் கடையில் ரேடியோவை நிறுத்தினார்கள். அமர்ந்திருந்தவர் அனைவரும் எழுந்தனர். தலைத்துண்டுகள் கழன்றன. பாடசாலைக்குப் போன பிள்ளைகள் வேலியோரம் ஒதுங்கித் தலைகுனிந்து நின்றார்கள். படித்தவன் ஒருவன் குடிவருகிறான் என்ற செய்தி எனக்கு முன்னரே வந்துவிட்டது என்று மகிழ்ந்து, குடம் தளும்பாதவாறு இரு பக்கமும் மெல்லத் தலையசைத்தபடி ஏறினேன்.

கதிரையை முன்னறையில் இறக்கிவிட்டு, ஈர விறகின் புகையில் கண்ணீர் வழிய அடுப்பூதிக்கொண்டிருந்த மனைவியிடம் குடத்தை ஒப்படைத்து, மிச்சச் சாமான்களுக்காகக் கீழே போனேன். அங்கேதான் காளிமுத்து ஏற்றக்கூலி தனி என்ற செய்தியை வெளியிட்டான்.

"லொறியில ஏத்த, எறக்கத்தானே பேசுனது. இது மலைங்க, ஐயா. நீங்களே குடத்தோட ஏறிப் பாத்தீங்கல்ல?"

எதிர்பாராச் செலவு என்ற தலைப்பு என் கண்முன் தோன்றியது. நான் விதிகளை விளக்கினேன்; அவன் மலையை விளக்கினான். பேரம் நீண்டது. அது முடிந்து திரும்பியபோது, ஒழுங்கையின் இரு மருங்கிலும் வெள்ளைக்கொடிகள் பறந்துகொண்டிருந்தன.

இந்நாட்டில் வெள்ளைக்கொடி என்றால் சாவீடு என்பதை நான் அறிவேன். நாம் பால் காய்ச்சும் நாளில்தானா ஒருவர் இறக்க வேண்டும் என்று முதலில் எரிச்சலடைந்தேன். பின்னர், புதிதாக வந்தவன் துக்கம் விசாரிக்காமல் வீட்டுக்குள் இருந்தால் ஊர் என்ன நினைக்கும் என்ற எண்ணம் வந்தது. கொடி கட்டிக்கொண்டிருந்தவர் கடைக்காரர் டிங்கிரி பண்டா. அவர் மரியாதைக்காகத் தமிழில் பேசினார். நான் மரியாதைக்காகச் சிங்களத்தில் பேசினேன். நான் கற்றது அரசாங்கப் பரீட்சைக்கான சிங்களம். அவர் கற்றது சந்தைத் தமிழ். ஆகவே இருவருக்கும் பாதி பாதியே விளங்கியது.

"துக்கத்துக்குரிய இல்லத்துக்குச் சமுகமளிப்பது என் கடமையாகும். வழிகாட்டுமாறு தாழ்மையுடன் வேண்டுகிறேன்" என்றேன்.

அவர் என்னை உற்றுப் பார்த்தார். கண்கள் கலங்கின. என் கையைப் பிடித்துக்கொண்டார். "அனே! வாங்க மாத்தயா. தனியே போக வேணாம். நாங்க இருக்கு."

நடந்தபடி அவர் மெல்லக் கேட்டார்: "ரொம்ப நாள் சொகமில்லையா, அந்த வெள்ளை சுத்தினது?"

எதை மறைத்தேனோ அதிலேயே இவருடைய கண் விழுந்திருக்கிறது! மறைப்பதைவிட உண்மையைக் கௌரவமாகச் சொல்லிவிடலாம் என்று தீர்மானித்தேன். "ஆண்டுக்கணக்காக ஒரு கால் பலவீனம். கம்பியால் கட்டி வைத்திருக்கிறேன்."

"கம்பி?" என்று நின்றுவிட்டார். பிறகு, "எப்ப வெளியே எடுக்கிறது?" என்றார்.

"இனி எடுக்கும் உத்தேசம் இல்லை. முன்னறையில் சன்னலோரம் நிரந்தரமாக வைத்துக்கொள்வேன். மாலையில் அதன்மேல் சாய்ந்து பத்திரிகை வாசிப்பது என் வழக்கம்."

பண்டா என் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

கொடிகளைத் தொடர்ந்து ஏறினோம். கொடிகள் என் வாசலில் முடிந்தன. முற்றத்தில் தறப்பாள் பந்தல் எழுந்திருந்தது. அமர்வதற்கு வாங்குகள் வரிசையாக இருந்தன. ஒரு பெரிய கேத்தலில் தேயிலைத் தண்ணீர் கொதித்தது. அறியாத முகங்கள் கைகூப்பின. இந்த ஊர்களில் மரணாதார சமிதிய என்றொரு சங்கம் இருக்கிறது. சாவு நேர்ந்த வீட்டுக்கு அழைப்பை எதிர்பாராமல் பந்தலோடும் தேநீரோடும் ஆள்பலத்தோடும் வந்து நிற்பது அதன் தொழில். பண்டாவே அதன் செயலாளர் என்பதைப் பின்னர் அறிந்தேன். நடுவில் என் மனைவி, பொங்கிய பால்பானையைக் கையில் ஏந்தியபடி, அவளைக் கட்டிக்கொண்டு அழும் பெண்களிடையே அசைய முடியாமல் நின்றாள்.

"இஞ்சருங்கோ! ஆர் செத்தது?"

"தெரியேல்லையப்பா. விசாரிக்கத்தான் வந்தனான்."

"புகைக்குக் கண் கலங்கினதுக்கு இந்தச் சனம் இப்பிடி அழுகுதே! பாலும் பொங்கி வழியுது, ஆரும் பாக்கயில்லை!"

அப்போது முன்னறையிலிருந்து ஒரு முனகல் எழுந்தது. கதிரையின் தலைமாட்டில் யாரோ விளக்கேற்றிப் பூவும் வைத்திருந்தார்கள். வயது முதிர்ந்த பெண்ணொருத்தி, இறந்தவரின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க வேண்டி, வேட்டியின் தலைப்பை மெல்ல விலக்கினாள். ஓடித் தடுக்க எனக்கு நேரமிருக்கவில்லை. கிழிந்த பிரம்பும், கம்பி சுற்றிய காலும், மாமனாரின் பெயர் பொறித்த தலைப்பலகையும் அந்த ஊர் முழுவதன் முன்னிலையில் வெளிப்பட்டன.

பண்டா குனிந்து பார்த்தார். "மாத்தயா, இதுதானா அந்தக் கம்பி?"

"ஆம்" என்றேன்.

அலுமாரியோடு வாசலில் வந்து நின்ற காளிமுத்து, "நான் அப்பவே சொன்னேனுங்களே!" என்றான். அவ்வளவுதான். சற்று முன் அழுத பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். மானத்தைக் காக்க ஒரே வழி, அது கிழிந்தாலும் தரமான கதிரை என்று காட்டுவதே என்று கருதி, நான் நிமிர்ந்து நடந்து, எல்லாரும் பார்க்க அதில் சாய்ந்தேன். கம்பி அறுந்தது. பிணம் தூக்க வந்தவர்கள் உயிரோடு என்னைத் தூக்கினார்கள்.

வந்தவர்கள் சும்மா திரும்பவில்லை. லொறியில் எஞ்சியிருந்த சாமான்கள் அனைத்தையும், ஒரு துணியும் போர்த்தாமல், ஒட்டுப்போட்ட கேத்தல் ஈறாக, ஊரே கைமாற்றி மேலே கொண்டுவந்தது. சீனி கூப்பனுக்கு மட்டுமே கிடைத்த காலம் அது. கித்துள் என்னும் மலைநாட்டுப் பனையின் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு அனைவரும் எங்கள் பாலை ஊற்றித் தேநீர் குடித்தார்கள். பனங்கட்டியைப் போல இல்லை என்று மனைவி என் காதில் சொன்னாள். சொல்லிவிட்டு இன்னொரு துண்டு எடுத்தாள். ஊரார் தூக்கிய சாமான்களுக்கும் ஏற்றக்கூலி ஏன் என்று கேட்டதற்கு, "தூக்கலைன்னாலும் இம்புட்டையும் நின்னு பாத்தோமேங்க" என்றான் காளிமுத்து. கொடுத்தேன்.

கட்டிய கொடி வீணாகக் கூடாதென்று, போகுமுன் பண்டா என்னைச் சங்கத்தில் சேர்த்துவிட்டார். அயலில் எவர் வீடு மாறினாலும் இப்போது நானும் போகிறேன். என் வயதில் அலுமாரி தூக்க விடமாட்டார்கள், குடை பிடிக்கிறேன். உடைந்த காலுக்குப் பதிலாகப் பண்டா தம் வளவிலிருந்த கித்துள் மரத்தில் ஒரு கால் செய்து பொருத்தித் தந்தார். மூன்று கால் முதிரை, ஒரு கால் கித்துள்.

தம்பியின் கடிதத்தின் முடிவில் ஒரு கேள்வி இருக்கிறது. கடைசிக் காலத்தில் அண்ணர் ஊருக்கு வந்துவிட வேண்டும், எங்கள் முற்றத்திலிருந்துதான் உங்களைத் தூக்க வேண்டும், எப்போது வருகிறீர்கள் என்று கேட்டிருக்கிறான். பண்டாவிடம் இதைச் சொன்னேன். "அதுக்கு எதுக்கு அவ்வளவு தூரம் போறது?" என்றார் அவர். "நாங்க ஒருக்கா தூக்கிப் பழகியாச்சு தானே, மாத்தயா."

தம்பிக்குப் பதில் எழுதுவதற்காக மாலைதோறும் சன்னலோரம் சாய்கிறேன். கித்துள் கால் மற்றவற்றைவிட ஓர் இழை உயரம். முதிரைப் பக்கம் சாய்ந்தால் கித்துள் எழுகிறது. கித்துள் பக்கம் சாய்ந்தால் முதிரை எழுகிறது. கதிரை ஆடிக்கொண்டே இருப்பதால், 'அன்புள்ள தம்பிக்கு' என்பதற்குக் கீழே ஒரு வரியும் இன்னும் நேராக விழவில்லை.