தாளில் வெடித்த எரிமலை

எண்பதுகளின் தொடக்கத்தில், செகந்திராபாத்தின் லோத்குண்டாவிலிருந்து பஸ் பிடித்து, நாச்சாரம் ஆலைகளைக் கடந்து, ஓர் ஆய்வுக்கூடத்துக்கு வேலைக்குப் போய்வந்தேன். கம்ப்யூட்டருக்கான அட்டைகளில் துளையிடும் வேலை. விஞ்ஞானிகள் எழுதித் தரும் எண்களை இயந்திரத்தில் தட்டுவேன், ஒரு வரிக்கு ஓர் அட்டை. அந்த அட்டைக்கட்டைக் கம்ப்யூட்டர் அறையில் கொடுத்தால், மறுநாள் காலை விடை அகலமான தாளில் அச்சாகி வரும். இயந்திரத்தின் டக்டக் ஓசையும் புது அட்டைகளின் மணமும் இப்போது நினைத்தாலும் இனிக்கின்றன.

எனக்கு அதிக வேலை தந்தவர், செகந்திராபாத்தில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்தைச் சேர்ந்த விஞ்ஞானி. எரிமலைக்குள் உருகிய பாறைக்குழம்பு எப்படி மேலேறுகிறது என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். குழம்பின் சூடு, கெட்டித்தன்மை, அதில் கரைந்திருக்கும் நீர், எல்லாமே எண்கள். மாதக்கணக்கில் ஒரே விடைதான் வந்தது. குழம்பு நிதானமாக ஏறி, அமைதியாக வழிந்தது.

ஒரு நாள் காலையில் வந்த தாளில் முதல் சில வரிகள் சரியாக இருந்தன. அதன்பிறகு எண்களே இல்லை, வரிசை வரிசையாக நட்சத்திரக் குறிகள். கொடுத்த இடத்தில் அடங்காத பெரிய எண் வந்தால் அந்தக் கம்ப்யூட்டர் அப்படித்தான் அச்சிடும். அட்டைகளைப் புரட்டிப் பார்த்தேன். நீரின் அளவில் தசமப் புள்ளியை ஓரிடம் தள்ளிப் போட்டிருந்தேன். வேலை இன்னும் நிரந்தரமாகாத நேரம். கண்ணைத் துடைத்துக்கொண்டே தாளோடு அவர் முன்னால் போய் நின்றேன்.

"சார், புள்ளியை மாத்திப் போட்டுட்டேன். கணக்கு பூரா பாழாப் போச்சு."

"அதுக்குக் கைக்கு அழுறீங்க? நக்கோ" என்று, ‘ஏன்’, ‘வேண்டாம்’ என்பதற்கு எங்கள் ஊர் உருதுவைக் கலந்து சொன்னவர், தாளை மேசையில் விரித்து, ஸ்கேலை வைத்து வரி வரியாகப் படித்தார். பிறகு நிமிர்ந்தார்.

"தண்ணி பத்து மடங்கு ஆயிருச்சு. மேல வர வர அது ஆவியாகுது. குழம்பு நுரைச்சு, தாறுமாறா வேகம் எடுக்குது. பாழாப் போகலம்மா, வெடிச்சிருக்கு!"

"எது சார்?"

"நம்ம எரிமலை!"

அடுத்த இரண்டு வாரம் நீரின் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பார்த்தோம். எந்த அளவில் வழிதல் வெடிப்பாக மாறுகிறது என்று தெரிய வேண்டியிருந்தது. தினமும் அவர் வராந்தாவிலிருந்தே கேட்பார், "வெடிச்சுதா?"

"இன்னும் இல்ல சார்."

கடைசியில் ஒரு வியாழக்கிழமை, "ஹவ் சார், ஆமா, வெடிச்சிருச்சு!" என்று நான் கத்திய கத்தலில் பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

இதைப் பற்றி அவர் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரை அச்சானபோது, நன்றி சொல்லும் வரியில் என் பெயரும் இருந்தது. ரயில்வே பட்டறையில் ஃபிட்டரான அப்பா அந்த வரியை இரண்டு முறை உரக்கப் படித்தார். அம்மா கேட்டாள்:

"எந்த ஊரு மலைடி அது?"

"எந்த ஊர்லயும் இல்லம்மா. கணக்குல இருக்கிற மலை."

"இல்லாத மலைக்கா தினமும் பஸ் ஏறிப் போறே?"

அப்பா சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது.